கோலமில்லாத வாசல்

2003 ஜூலை 11, வெள்ளிக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.05க்குக் குழாயில் ஆத்தூர் தண்ணீர் வந்தது. 6.10 வரை நின்று வந்ததில் தொட்டி நிறைந்தது. போக இரண்டு அண்டா, ஐந்து குடம். 5.45க்குப் பால். 6.15க்குக் காப்பி. 6.30க்கு முகச்சவரம், புது பிளேடு. நான்கு இட்லி, தக்காளிச் சட்னி. அந்த நாளின் பக்கத்தில் முதல் ஆறு வரிகள் இவ்வளவுதான். ஏழாவது வரியில் "டீச்சரின் அண்ணன் இன்று வருகிறார்" என்று எழுதி அடியில் கோடு போட்டிருக்கிறேன். என் நாட்குறிப்புகளில் அடிக்கோடு அபூர்வம். ஆண்டுக்கு இரண்டு, மூன்று இருந்தால் அதிகம்.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. திண்டுக்கல்லில் நில அளவை அலுவலகம் ஒன்றில் வரைவாளர் வேலை. எங்கள் தெருவின் அகலம் பதினாறு அடி. மின்கம்பம் இருக்கும் இடத்தில் பதினான்கரை. பதினொரு வீடுகள். கிழக்கே போனால் பெரிய ரோடு, மேற்கே போனால் பேகம்பூர். பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்கு வழி என்பதால் அவசரக்காரர்கள் எல்லோரும் எங்கள் தெருவுக்குள் புகுந்துதான் போவார்கள்.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே டீச்சர் வீடு. முப்பத்து நான்கு வயது, தொடக்கப் பள்ளியில் வேலை, அம்மாவும் மகளும் மட்டும். கிறிஸ்தவக் குடும்பம். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் டீச்சருக்கு இடது காலில் இரும்புப் பட்டை கட்டிய காலணி. அதுவரை ஆட்டோவில்தான் பள்ளிக்குப் போனார். ஆட்டோ வந்தால் போவார், வராவிட்டால் வரும்வரை வாசலில் நிற்பார். அந்த ஆண்டு மே மாதம், பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினார். பள்ளி மைதானத்தில் பத்தொன்பது நாள் ஓட்டிப் பழகினார். வீட்டின் கேட்டை அகலமாக்கி, படியை உடைத்து, தெரு வரை ஏழடி அகலத்தில் சிமெண்ட் சரிவு போட்டார். பள்ளி திறந்த முதல் நாள் என் குறிப்பு இப்படி இருக்கிறது: "எதிர் வீட்டு டீச்சர் தனியே போய்த் தனியே வந்தார். தெரு முழுக்கப் பால்கோவா."

பால்கோவா தீருவதற்குள் தொல்லை ஆரம்பித்தது. தெருவின் மேற்கு முனையில் குழந்தை டாக்டர் ஒருவர் புதிதாக வந்திருந்தார். கைராசிக்காரர் என்று பெயர். ஆறு மணிக்கே கம்பவுண்டர் டோக்கன் கொடுக்கத் தொடங்கிவிடுவார். சிறுமலை அடிவாரத்திலிருந்தெல்லாம் வேனிலும் பைக்கிலும் மொபெட்டிலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் வண்டியை எங்கே விடுவார்கள்? டீச்சர் வீட்டு வாசலில். தெருவில் பதினொரு வாசல் இருக்க, தினமும் அந்த ஒரு வாசலில் மட்டும்.

எட்டேகாலுக்குள் டீச்சர் கிளம்ப வேண்டும். சரிவின் வாயில் வேன் நிற்கும். ஹாரன் அடிப்பார். யாரும் வர மாட்டார்கள். அவருடைய அம்மா ஆஸ்பத்திரி வரை நடந்து, "அந்தச் சாம்பக் கலர் வண்டி யாருதுப்பா?" என்று கேட்டு ஆளைக் கூட்டி வருவார். அந்த ஆள் அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வருவான். அவனை எந்த வாயால் திட்டுவது? டீச்சர் திட்டியதும் இல்லை. "பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார்.

இரண்டு வாரத்தில் நான்கு நாள் பள்ளிக்குத் தாமதம். இது ஆத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அவருடைய அண்ணன் காதுக்குப் போனது. முதலிலிருந்தே அந்த ஸ்கூட்டர் மேல் அவருக்குப் பயம். ஜூலை முதல் ஞாயிறன்று சர்ச்சில் பூசை முடிந்து வந்தவர், தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

"பாப்பா, வெள்ளிக்கெழம காலையில மினி லாரியோட வாரேன். யாரு தொணையும் இல்லாம நீயா கெளம்பிப் போனா வண்டி இருக்கட்டும். ஒருத்தர் கை வேணும்னா, நான் வண்டிய ஏத்திக்கிட்டுப் போயிருவேன். நீ பழையபடி ஆட்டோவுல போ."

அன்று மாலை டீச்சர் என் மனைவியிடம் சொன்னதை மனைவி என்னிடம் சொன்னாள், நானும் எழுதி வைத்தேன். "முப்பத்தி நாலு வயசு வரைக்கும் எங்கிட்டுப் போனாலும் யாரையாச்சும் கேட்டுத்தான்க்கா போயிருக்கேன். இந்த ஒரு மாசமாத்தான் யாரையும் கேக்கல."

நான் ஏற்கெனவே வேலையில் இறங்கியிருந்தேன். தனியாக ஒரு நோட்டுப் போட்டு, எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எந்த வாசலில், எவ்வளவு நேரம் என்று பத்தி பிரித்து எழுதினேன். இருபத்தொரு நாள் கணக்கு. தெருக்கோடியில் அரிசி கோடவுனின் பக்கச் சுவர் அறுபத்திரண்டு அடி நீளத்துக்கு, ஒரு கதவுகூட இல்லாமல் இருக்கிறது. அங்கே நிறுத்தினால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அதில் ஒருவரும் நிறுத்தவில்லை. காரணம் பிடிபடவே இல்லை.

முதலில் "வாசலில் வண்டி நிறுத்தாதீர்" என்று பலகை எழுதி டீச்சர் கேட்டில் மாட்டினேன். மறுநாள் அதன் ஆணியில் யாரோ வெந்நீர் பிளாஸ்கைத் தொங்கவிட்டுப் போயிருந்தார்கள். பிறகு எட்டாம் தேதி செவ்வாய் மாலை, நூல் பிடித்து, சரிவின் வாயில் ஏழுக்குப் பன்னிரண்டு அடியில் சுண்ணாம்புக் கோட்டால் செவ்வகம் போட்டேன். நான்கு மூலையும் செங்கோணமா என்று மூன்று, நான்கு, ஐந்து அடி கணக்கு வைத்துச் சரிபார்த்தேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று நினைத்து மூன்றாவது வீட்டுக்காரர் பத்திரத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்ப இருபது நிமிடம் ஆயிற்று.

புதன் காலை 6.40க்கு ஒரு வேன் வந்தது. செவ்வகத்தைப் பார்த்து நின்றது. எனக்கு மார்பு நிமிர்ந்தது. டிரைவரின் மனைவி இடுப்பில் பிள்ளையோடு இறங்கி, பின்னால் போய் நின்று கையசைத்தாள். "வா, வா... இன்னும் வா... கோட்ட மிதிச்சுறாத... லெப்ட்ல ஒரு சாண்... போதும், போதும்!" சுண்ணாம்பு கலையாமல் செவ்வகத்துக்குள் வேன் கச்சிதமாக உட்கார்ந்தது. இறங்கிய டிரைவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வண்டி விடக் கோடு போட்டு எடம் ஒதுக்கி வச்சிருக்கீக. திண்டுக்கல்லுல இப்படி ஒரு தெருவ நான் பாத்ததே இல்லண்ணே. நல்லா இருப்பீக."

திரும்பிப் பார்த்தேன். எங்கள் வாசலில் என் மனைவி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். எதிரே டீச்சரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் வழி அடைபட்டிருந்த அந்த நிலையிலும் சிரித்தார்.

பத்தாம் தேதி வியாழன் காலை 7.20. வேறொரு வேன், அதே இடம். இந்த முறை நான் கோபப்படாமல் போய் நேராகக் கேட்டேன்.

"தம்பி, தெருவுல இம்புட்டு எடம் கெடக்கு. எல்லாரும் ஏன் இந்த வாசல்லயே வந்து நிப்பாட்டுறீக?"

அவன் தெருவை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தான். "எங்கிட்டுண்ணே எடம் கெடக்கு? எல்லா வாசல்லயும் கோலம் கெடக்கு. வெடியக்காலையில ஒரு பொம்பள குனிஞ்சு போட்டத டயர வச்சு ஏத்தச் சொல்றீகளா? புள்ளைக்கு மேலுக்குச் சரியில்லன்னு வந்திருக்கோம். அந்தப் பாவம் வேற எதுக்கு?"

"அப்ப இந்த வீடு?"

"இங்க ஆள் இருக்கா? கோலமில்லையேன்னு பூட்டிக் கெடக்குற வீடுன்னுல்ல நெனச்சேன்."

"கோடவுன் சுவரு ஓரம்?"

"அது தெரு திரும்பி அங்கிட்டுல்ல இருக்கு. சொன்னாத்தான தெரியும்?"

இருபத்தொரு நாள், நான்கு பத்தி. அதில் கோலம் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. பத்து வாசலில் கோலம், ஒரு வாசலில் இல்லை. கண் எதிரே இருந்தது. பதினேழு வருடமாக என் வீட்டுக் கோலத்தைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போகிறேன். அதை இடத்தைப் பிடித்து நிற்கும் ஒரு பொருளாக நான் எண்ணியதே இல்லை.

வீட்டுக்குள் வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை. "இருவத்தொரு நாளா எழுதினீகளே, நான் போட்ட கோலம் ஒரு நாளாச்சும் அதுல இருக்கா? வண்டி நம்பரெல்லாம் இருக்கு."

"உனக்குத் தெரியும்னா முதல்லயே சொல்ல வேண்டியதுதான?"

"எனக்கு என்ன தெரியும்? நான் வண்டியப் பாக்கல, நீங்க கோலத்தப் பாக்கல."

மாலை 6.30க்கு இருவரும் எதிர் வீட்டுக்குப் போனோம். நான் விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் கைதட்டிச் சிரித்தார். அவருடைய அம்மாதான் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"கிறிஸ்துமசுக்கு ஸ்டார் கோலம் போடுவோம். நெதமும் போட்டுப் பழக்கமில்லையே. நாளைக்குச் சர்ச் சாமியார் பாத்தா என்ன சொல்வாரு?"

"சாமியார் பங்களா வாசல்லயே பொங்கலுக்குக் கோலம் போடுறாங்களேம்மா," என்றார் டீச்சர். "அவரு வந்தா வண்டிய எங்க நிப்பாட்டுறதுன்னுதான் கேப்பாரு."

"சரி, யாரு போடுறது? என் முட்டி மடங்காது. உனக்குக் குனிய முடியாது."

"நான் வந்து போட்டுட்டுப் போறேன். அஞ்சு நிமிச வேல," என்றாள் என் மனைவி.

டீச்சர் தலையை ஆட்டினார். "வேண்டாங்க்கா. அதுக்கும் உங்களக் கேக்கணும்னா, ஆட்டோக்காரரக் கேக்குறதும் அதுவும் ஒண்ணுதான். குனிய முடியாட்டி என்ன? உக்காந்து போடுறேன்."

நான் கையோடு கொண்டுபோயிருந்த கட்டத்தாளை விரித்தேன். சரிவின் வாய் ஏழடி. இரண்டு பக்கமும் ஒரு அடி சேர்த்து ஒன்பது அடி அகலம், தெருவுக்குள் நான்கரை அடி. புள்ளிக்குப் புள்ளி ஆறு அங்குலம். நடுவில் எட்டு முனை நட்சத்திரம், ஓரம் முழுக்கக் கொடி. ஒன்றுக்கு இருபது அளவில் வரைந்திருந்தேன்.

மனைவி தாளை எட்டிப் பார்த்தாள். "கோலத்துக்குப் பிளான் போட்ட மனுசன் இந்த ஊர்ல இவரு ஒருத்தர்தான். கையெழுத்தும் சீலும்தான் இல்ல."

அங்கிருந்து நேராகக் கம்பவுண்டரிடம் போனேன். வருகிறவர்களுக்கும் ஒரு இடம் வேண்டுமே. டோக்கன் கொடுக்கும்போதே "வண்டிய கோடவுன் சுவரு ஓரமா விடுங்க" என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். "நானே ஒங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன். வண்டிய எடு, வண்டிய எடுன்னு ஆள் வந்து கூப்பிடுறதுல டோக்கன் வரிசை கொழம்பிப் போகுது சார்," என்றார் அவர்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். காலை 5.10க்கு எதிர் கேட் திறந்தது. அம்மா தண்ணீர் தெளித்துப் பெருக்கினார். டீச்சர் ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டு, இடது காலை நீட்டி உட்கார்ந்தார். புள்ளி வைத்தார். கரும்பலகையில் எழுதிய கை, கோடு ஆடவில்லை. ஒரு பகுதி முடிந்ததும் கையை ஊன்றி, பலகையை நகர்த்தி, மறுபடி உட்கார்ந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். "அந்த மொனைய இன்னும் செத்த இழுங்க டீச்சர்," என்றாள் ஒருத்தி. "பிளான்ல அம்புட்டுத்தான் இருக்கு," என்றார் டீச்சர். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். 5.38க்கு முடிந்தது. இருபத்தெட்டு நிமிடம்.

6.20க்கு முதல் பைக். பழக்கத்தில் டீச்சர் வாசலை நோக்கி ஒடித்தவன், கோலத்தைக் கண்டதும் காலை ஊன்றி நின்றான். மெல்ல வளைத்துக்கொண்டு மேற்கே போனான். 6.45க்கு வேன், 7.10க்கு இரண்டு மொபெட். எல்லாம் அப்படியே. பதினொரு வாசலிலும் கோலம் இருந்ததால், குறுக்கு வழியில் பறந்து வருகிறவர்களும் தெரு நடுவில் ஒற்றை வரிசையாக மெதுவாகத்தான் போனார்கள். கோடவுன் சுவர் ஓரம் 7.30க்கு ஏழு வண்டி. என் நோட்டில் முதல் முறையாக டீச்சர் வாசலுக்கு நேரே பூஜ்யம் போட்டேன்.

7.35க்கு மினி லாரி கிழக்கிலிருந்து வந்தது. எங்களைத் தாண்டி நிற்காமல் போய்விட்டது. தெருக்கோடியில் திரும்பி வந்து, மறுபடியும் தாண்டிப் போகப் பார்த்தது. டீச்சரின் அம்மா, "ஏலே, இங்கிட்டுடா!" என்று கத்தியதும்தான் நின்றது. அண்ணன் தலையை வெளியே நீட்டினார்.

"கோலத்தப் பாத்து வேற யாரோ வீடுன்னு போயிட்டேம்மா. யாரு போட்டது?"

"நான்தாண்ணே," என்றார் டீச்சர். "லாரிய இங்க விடாதீங்க. கோடவுன் சுவரு ஓரம் எடம் இருக்கு."

அண்ணன் போய் லாரியை அங்கே விட்டுவிட்டு வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் வாசல் படியின் மேல் நின்றார்.

8.05க்கு டீச்சர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். சரிவின் மேல்முனையில் பிரேக்கைப் பிடித்து நின்றுவிட்டார். "அக்கா, நான் போட்டத நானே மிதிக்கலாமா?"

"நான் நெதம் தண்ணிக் கொடத்தோட மிதிச்சுக்கிட்டுத்தான போறேன்? போட்டவளுக்கு இல்லாத உரிமையா? போங்க," என்றாள் என் மனைவி.

ஸ்கூட்டர் இறங்கியது. நட்சத்திரத்தின் மேல் மூன்று தடம் விழுந்தது. வழக்கமாகச் சரிவின் வாயிலேயே ஒடிப்பவர், அன்று கோலம் அதிகம் கலையாதிருக்க நேரே இறங்கி, தெருவில் வந்த பிறகு கிழக்கே ஒடித்தார். பாதி வளைவில் நின்றுவிட்டது. முன் சக்கரத்துக்கு எதிரே ஒரு பழைய ஸ்கூட்டர். இன்னும் ஒரு அடி இருந்தால் திரும்பியிருக்கும். பின்னால் வரவோ சரிவு ஏற்றம். ஒற்றைக் காலால் உந்திப் பார்த்தார், நகரவில்லை. அண்ணன் போய்ப் பின்னாலிருந்து இழுத்துவிட்டார். இழுத்த கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பாத்தியா பாப்பா? ஒரு கை வேண்டியிருந்துச்சே."

டீச்சர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"ஆமா, இந்த ஓட்ட ஸ்கூட்டர் யாருது?" என்றார் அண்ணன்.

பத்து வீட்டுப் பெண்களும் என்னைத்தான் பார்த்தார்கள். அது என்னுடையது. எட்டு வருடமாக எங்கள் சுவரோரம், வாசல் கோலத்துக்கு ஒரு முழம் தள்ளி, தெருவில் இரண்டே முக்கால் அடி உள்ளே நிற்கிறது. இருபத்தொரு நாள் நோட்டில் இல்லாத ஒரே வண்டி.

"என்னுதுங்க," என்றேன்.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தென்னை மரத்தில் நின்று கூப்பிடுவது போன்ற பெரிய சிரிப்பு. "ஊருக்கே கோடு போட்ட சாரு நீங்கதான?" டீச்சர் சிரித்தார், அவருடைய அம்மா சிரித்தார், கடைசியில் நானும் சிரித்தேன். ஸ்கூட்டரை உருட்டி நகர்த்தினேன். டீச்சர் ஒரே வளைவில் திரும்பி, ஹாரனை இரண்டு முறை அடித்துவிட்டுக் கிழக்கே போனார். மணி 8.12.

அண்ணன் மாலை வரை இருந்தார். 4.35க்கு டீச்சர் தனியாக வந்து, யாரையும் கூப்பிடாமல் சரிவில் ஏறி உள்ளே போனதைப் பார்த்தார். மினி லாரி வெறுமையாக ஆத்தூருக்குக் கிளம்பியது. போகும்போது என்னைக் கூப்பிட்டார்.

"வண்டி இருக்கட்டும் சார். ஆனா ஒங்க வண்டி உள்ள போகணும். அது ஒண்ணுதான் நான் சொல்றது."

உள்ளே இடமில்லாமல் இல்லை. ஸ்கூட்டர் நிற்க வேண்டிய முன்கூடத்தில், ஆபீசில் கழித்துக் கட்டியபோது நான் வாங்கி வந்த பெரிய வரைமேசை ஆறடிக்கு நான்கடியில் நின்றுகொண்டிருந்தது. அதில் உட்கார்ந்துதான் தெருவைப் பார்த்து எழுதுவேன்.

ஜூலை 12, சனிக்கிழமை. 4.40க்கு எழுந்தேன். பல் துலக்குவதற்கு முன்பே மனைவியை எழுப்பினேன். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மேசையைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனோம்; நிலைப்படியில் இரண்டு முறை இடித்தது. ஸ்கூட்டரை உள்ளே ஏற்றி நிறுத்தினேன். அது நின்ற இடத்தில் எட்டு வருட எண்ணெய்க் கறை. மனைவி அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, தண்ணீர் தெளித்து, வழக்கமான கோலத்தோடு அந்த இடத்தையும் சேர்த்துப் பெரிதாகப் புள்ளி வைத்தாள்.

"இனி இங்க எவனும் வண்டி விட முடியாது," என்றாள், நிமிராமலே. "உங்களையும் சேத்துத்தான் சொல்றேன்."